சுவர் இருந்தால்தான் சித்திரம்

(அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, என்னை அளவுக்கு மீறிப் பாராட்டி வரவேற்ற செயலாளர் அவர்களே, வாரந்தோறும் நம் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லித்தரும் தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, எனக்கு முன் பேசி அரங்கைக் கட்டிப்போட்ட கவிஞர் அவர்களே, விடியற்காலையிலிருந்து நமக்காகச் சமைத்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பார்கள் பெரியவர்கள். ஒருவரையொருவர் இடித்து வீழ்த்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் வீரர்கள் எத்தனை காலம் ஆடுகிறார்கள், எப்படி ஓய்வுபெறுகிறார்கள் என்று சொல்லி, நம் பிள்ளைகளின் உடம்பு என்ற சுவரைக் காக்க ஒரு வேண்டுகோள் வைக்க வந்திருக்கிறேன்.

அந்த ஆட்டத்தின் பெரிய நட்சத்திரம் டாம் பிரேடி 23 சீசன் ஆடி 45 வயதில் விடைபெற்றார். அவரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். என்.எஃப்.எல். என்ற தொழில்முறைத் தொடரில் நான்கு ஆண்டு நிலைத்தாலே பெரிது. நம் பிள்ளைகள் முதல் வேலையில் காலூன்றும் வயதில் அந்தப் பையன்கள் முன்னாள் வீரர்கள்.

ஆண்ட்ரூ லக் கதையைக் கேளுங்கள். 2012இல் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் ஆளாகத் தேர்வாகி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு வந்தவர். விலாவில் குருத்தெலும்பு கிழிந்தது. சிறுநீரகம் கிழிந்து சிறுநீரில் ரத்தம் போனது. தோள்பட்டைக் காயத்தால் 2017 முழுக்க ஆடவில்லை. மறுவருஷம் மீண்டு வந்து அசத்தினார். அடுத்து கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் வலி. 2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை இரவு, அணியின் சொந்த மைதானத்தில் பயிற்சி ஆட்டம். லக் ஆடவில்லை, ஓரத்தில் நிற்கிறார். மறுநாள் சொல்லலாம் என்று வைத்திருந்த ஓய்வுச் செய்தி அதற்குள் கசிந்துவிட்டது. ஆட்டம் நடக்கும்போதே ஒவ்வொருவர் கைப்பேசியாகப் பரவுகிறது. ஆட்டம் முடிந்து அவர் உள்ளே நடக்கிறார். ஏழு வருஷம் கைதட்டிய அதே கூட்டத்திலிருந்து ‘பூ... பூ...’ என்று கேலிக் கூச்சல்! அன்றிரவே செய்தியாளர்கள் முன் கண்கலங்கி நின்றார். அந்தக் கூச்சல் வலித்தது என்று மறைக்காமல் சொன்னார். வயது 29. சுவரைக் காப்பாற்றிக்கொண்ட மனிதனை ஏசினார்கள், ஐயா!

காப்பாற்றிக்கொள்ளாதவர் மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியோடு சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டியை நான்கு முறை வென்றவர், கடைசிக் காலத்தில் தன் பிக்கப் வண்டியிலேயே படுத்துறங்கினார். 2002இல் 50 வயதில் இறந்தபோது, நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு அவர் மூளையை ஆராய்ந்து சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டார். ஒரே பெரிய அடியால் வருவதல்ல அது. சின்னச் சின்ன இடிகள் வருஷக்கணக்கில் சேர்ந்து வருவது.

ஆகவேதான் பெற்றோர்களே, உங்களிடம் மன்றாடுகிறேன். போன மாதம் பேரனின் பயிற்சிக்குப் போனேன். எட்டு வயதுப் பையன்கள். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதும்போது தேங்காயைக் கல்லில் அடித்த சத்தம். ஒரு பிள்ளை எழுந்து, பல்காப்பு வாயோரம் தொங்க, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றான். பக்கத்திலிருந்த அப்பா, “குட் ஹிட்!” என்று கைதட்டினார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிராளியை இடித்து வீழ்த்தாமல், அவன் இடுப்பில் செருகிய துணிப்பட்டையை உருவினால் போதும், அது ஃபிளாக் ஃபுட்பால். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலேயே அது இடம்பெறுகிறது. 14 வயது வரை பிள்ளைகள் அதை ஆடட்டும். இடித்து வீழ்த்தும் ஆட்டம் பிறகு வரட்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

தலைவர் மணியைப் பார்க்கிறார். 14 வயது வரை ஃபிளாக் ஃபுட்பால் மட்டும் போதும் என்று கேட்டு, நம் வட்டாரப் பள்ளி வாரியத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், இடப்பக்க மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டுவிட்டு இலையில் உட்காருங்கள். நன்றி, வணக்கம்.