விழுங்கலாம், செரிக்க முடியாது

நண்பர்களே, நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். காற்றோடு தூசியும் போகிறது. 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலுமே மாட்டிக்கொள்ளும். அவற்றைவிடச் சிறியவை மூச்சுக்குழாயின் சளியில் ஒட்டும். அங்குள்ள மயிர் போன்ற குறுயிழைகள் நொடிக்கு 10 முறைக்கும் மேல் அசைந்து அந்தச் சளியை மேலே தள்ள, நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம்.

சரி, அதையும் தாண்டி நுரையீரலின் காற்றுப்பைக்கே போய்விடும் நுண்துகளை என்ன செய்வது? அங்கே குறுயிழை கிடையாது. ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்க வேண்டுமே, அதனால் சுவர் அவ்வளவு மெல்லியது. அங்கே காவல் இருப்பவை, வரும் துகளை விழுங்கிவிடும் மேக்ரோபேஜ் செல்கள். 1882-ல் இத்தாலியின் மெசினாவில் ரஷ்ய உயிரியலாளர் மெச்னிகாவ் நட்சத்திரமீன் லார்வாவுக்குள் ஒரு முள்ளைக் குத்தினார்; மறுநாள் பார்த்தால் அதைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல்களைப் பற்றிய அந்த ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் செல்களின் நிதானம். வரும் ஒவ்வொரு தூசிக்கும் அபாயச் சங்கு ஊதினால், அழற்சியால் காற்றுப்பையில் நீர் கோத்து மூச்சே முட்டிவிடும். அதனால் சத்தமில்லாமல் விழுங்குகின்றன. கரித்துகளாக இருந்தால் வயிற்றில் கட்டிக்கொண்டு அப்படியே கிடக்கின்றன. நுரையீரலில் கறுப்புப் புள்ளிகள் தெரிவது அதனால்தான்.

கல் உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா அப்படி அடங்காது. மேக்ரோபேஜ் அதை விழுங்கி, லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் வைக்கிறது. சிலிக்கா படிகம் அந்தப் பையையே கிழிக்கிறது. உள்ளிருந்த நொதிகள் கசிகின்றன, செல் அபாயச் செய்தியை வெளியே அனுப்பிவிட்டுச் சாகிறது. படிகமோ அப்படியே இருக்கிறது! அடுத்த மேக்ரோபேஜ் வந்து அதையே விழுங்குகிறது, அதுவும் சாகிறது. அழைப்பைக் கேட்டு வந்த செல்கள் புண்ணை ஆற்றுவதாக நினைத்துக் கொலாஜன் நாரை அடுக்கிக்கொண்டே போக, பஞ்சு போன்ற நுரையீரல் தழும்பாக இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். ஆஸ்பெஸ்டாஸில் சிக்கல் வேறு: நீளமான இழை மேக்ரோபேஜின் வாய்க்குள் அடங்குவதே இல்லை.

தழும்பைப் பழையபடி மாற்ற மருந்து இல்லை. காவல் செல்கள் நலிந்துபோவதால் காசநோயும் எளிதில் தொற்றுகிறது. அப்புறம், தூசி நிறைந்த அந்த வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும், உள்ளே தங்கிய படிகத்தை ஒரு மேக்ரோபேஜ் இன்னமும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கும்.