எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் அவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளும்

(மாவட்ட மைய நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அம்மையார் அவர்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் அரசு இசைப்பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கி ஏற்பாட்டைத் தம் பொறுப்பில் செய்து கொடுத்திருக்கும் புரவலர் அவர்களே, வேலை நாள் மாலையிலும் இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இசைப்பள்ளி மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இசைப்பள்ளி ஐயா அவர்கள் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும்போது இசையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. இந்த மாவட்டத்தின் கோயில்களில் இன்று நாகசுரம் வாசிப்போரில் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அவர் முன்னிலையில் ஓர் அமெரிக்கப் பாடகியைப் பற்றிப் பேச வாய்ப்பளித்தமைக்காக வாசகர் வட்டச் செயலாளருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜாஸ் இசை வரலாற்றின் மாபெரும் பாடகியரில் ஒருவரான எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் அவர்களின் குரல், அவர் பதிவு செய்த பாடல் தொகுப்புகள், பெர்லின் மேடையில் அவர் செய்த சாதனை, டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் அவர் இணைந்து பாடிய இசைத்தட்டுகள், இறுதியாக அப்பதிவுகளுக்கு நேர்ந்த கதி ஆகியவற்றைப் பற்றி இன்று பேச இருக்கிறேன். எந்த மேடை ஏறினாலும் நான் ஒரு பழமொழியைச் சொல்வது உங்களில் பலருக்குத் தெரியும். நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும். இன்றைய பேச்சு முழுவதற்கும் அதுவே அடிப்படை.

1917ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் பிறந்தவர் எலா. நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் வளர்ந்தார். 1932இல் தாயை இழந்த பிறகு அந்தச் சிறுமி பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1934 நவம்பரில் ஹார்லெம் பகுதியின் அப்போலோ அரங்கில் புதியவர்களுக்காக நடந்த போட்டியில் கலந்துகொள்ளச் சென்றபோது அவர் ஆடுவதற்காகத்தான் போனார். அவருக்கு முன்னால் மேடையேறிய எட்வர்ட்ஸ் சகோதரியரின் ஆட்டத்தைப் பார்த்துத் தயங்கி, கடைசி நேரத்தில் பாட்டுக்கு மாறினார். முதல் பரிசும் பெற்றார். மறு ஆண்டே டிரம்ஸ் மேதை சிக் வெப்பின் இசைக்குழுவில் பாடகியானார். 1938இல் ஒரு குழந்தைப் பாட்டை எடுத்து அக்குழுவுடன் அவர் பாடிய இசைத்தட்டு நாடெங்கும் ஒலித்தது. 1939இல் வெப் மறைந்தபோது, இருபத்திரண்டு வயதான அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஆண்கள் நிறைந்த அந்தக் குழு 1942 வரை இயங்கியது.

அவருடைய குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ மூன்று ஸ்தாயிகளில் உலவிய குரல் அது. ஆயினும் அந்த வீச்சைக் காட்டிலும் என்னைக் கட்டிப்போடுவது அதன் தெளிவு. எவ்வளவு விரைந்த தாளத்திலும் ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்துகூட மழுங்காது. ஆங்கிலம் அதிகம் அறியாத என் தாயார் அவருடைய பதிவொன்றைக் கேட்டுவிட்டு, "இந்தம்மா பாடுறதுல வார்த்தை வார்த்தையா விழுதே" என்று வியந்தார்கள். இசைப்பள்ளி மாணவர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். சாகித்தியத்தின் சொல்லைச் சிதைத்துப் பாடுவது கூடாது என்று உங்கள் ஆசிரியர்கள் சொல்வார்களே, அந்த ஒழுக்கத்தை உலகின் இன்னொரு மூலையில், வேறொரு மொழியில், ஒரு பெண்மணி வாழ்நாள் முழுதும் காத்திருக்கிறார்.

1955 வரை அவர் டெக்கா என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடினார். அக்காலத்தின் பெரும்பகுதி நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகளின் காலம். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக இசை அடங்கும். அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். நீண்ட நேரம் ஒலிக்கும் எல்பி தட்டுகள் வந்த பிறகுதான் ஒரே இசையமைப்பாளரின் பாடல்களைக் கோத்து ஒரு முழுத் தொகுப்பாகத் தரும் வழி திறந்தது. அந்த வழியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஜாஸ் நிகழ்ச்சிகளை நடத்திவந்த நார்மன் கிரான்ஸ். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைக்கும் அரங்குகளில் தம் கலைஞர்கள் பாடமாட்டார்கள் என்று அந்நாளிலேயே உறுதியாக நின்றவர் அவர். ஃபிட்ஸ்ஜெரால்டின் மேலாளரான அவர் 1956இல் வெர்வ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கோல் போர்ட்டர் பாடல்களின் தொகுப்பு அதே ஆண்டு வந்தது. ராட்ஜர்ஸ் - ஹார்ட், டியூக் எலிங்டன், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின் சகோதரர்கள், ஹெரால்ட் ஆர்லன், ஜெரோம் கெர்ன், ஜானி மெர்சர் என்று 1964 வரை அவ்வரிசை நீண்டது. எலிங்டன் தொகுப்பில் எலிங்டனே தம் குழுவோடு வந்து வாசித்தார். நெல்சன் ரிடில் இசையொழுங்கு செய்த கெர்ஷ்வின் தொகுப்பு மட்டும் ஐந்து எல்பி தட்டுகள் கொண்டது.

இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை நாடக மேடைக்கும் திரைப்படத்துக்கும் எழுதப்பட்டவை. நாடகம் முடிந்து திரை விழுந்ததும் பாட்டும் சிதறிப்போகும். தங்கள் பாடல்கள் இவ்வளவு நல்லவை என்பது ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிக் கேட்கும் வரை தமக்கே தெரியாது என்று பாடலாசிரியர் ஐரா கெர்ஷ்வின் சொன்னதாக இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். எழுதியவருக்கே அருமையை உணர்த்திய பதிவுகள் அவை. சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் சேர்த்து, பெயரிட்டு, யார் எழுதியது, யார் இசையமைத்தது என்று அட்டையில் அச்சிட்டுத் தந்ததையே அவ்வரிசையின் முதல் தொண்டாக நான் கருதுகிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்றேன். வெயில் வருவதற்கு முன்பே நிழலுக்கு வேலி கட்டியவர்கள் ஃபிட்ஸ்ஜெரால்டும் கிரான்ஸும்.

இப்போது அரங்கினுள் வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களை வணங்கி வரவேற்கிறேன். பல அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். இந்த நூலகத்தின் மேற்கூரை ஒழுகியபோது மூன்றே வாரத்தில் பழுது நீக்கித் தந்தவர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. அவர்கள் முன்னிலையில் ஒரு கோரிக்கை வைக்க இருக்கிறேன். அதற்குமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

1960ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள். இடம் மேற்கு பெர்லினில் இருந்த டாய்ச்லாண்ட்ஹாலே என்னும் பேரரங்கு. ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கிறார்கள். நகரின் நடுவே சுவர் எழ இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. மேடையில் ஃபிட்ஸ்ஜெரால்ட், பக்கவாத்தியமாக நால்வர் மட்டுமே. பியானோவில் பால் ஸ்மித், கிட்டாரில் ஜிம் ஹால், பேஸில் வில்ஃப்ரெட் மிடில்புரூக்ஸ், டிரம்ஸில் கஸ் ஜான்சன். இந்த நால்வரின் பெயரையும் நான் வேண்டுமென்றே சொல்கிறேன். காரணம் பின்னர் விளங்கும். நிகழ்ச்சியின் பிற்பகுதியில் அவர் ஒரு புதிய பாட்டை அறிவிக்கிறார். 'மேக் தி நைஃப்' என்னும் அந்தப் பாட்டு பிறந்த ஊரே பெர்லின்தான். குர்ட் வைல் இசையில் பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி, 1928இல் அதே நகரின் நாடக மேடையில் முதன்முதலாக ஒலித்தது. பின்னர் ஆங்கிலத்துக்குப் போய், ஆம்ஸ்ட்ராங் பாடி, 1959இல் பாபி டேரின் பாடி உலகப் புகழ் பெற்றது. பெண்கள் பாடி இதைக் கேட்டதில்லை, நாங்கள் முயன்று பார்க்கிறோம், சொற்கள் எல்லாம் நினைவில் இருக்கும் என்று நம்புகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறார்.

முதல் சில அடிகள் தடையின்றிப் போகின்றன. பிறகு சொற்கள் மறந்துபோகின்றன. நினைத்துப் பாருங்கள்: பாட்டு பிறந்த ஊர், நிறைந்த அரங்கு, அதுவரை பாடிப் பழகாத பாட்டு, எதிரே ஒலிவாங்கி, அருகே சுழன்றுகொண்டிருக்கும் ஒலிநாடா. நம் கச்சேரி மேடையில் இப்படி நேர்ந்தால் வித்துவான் என்ன செய்வார்? பல்லவிக்குத் திரும்பிவிடுவார், அல்லது வயலின் பக்கம் கைகாட்டிவிடுவார். ஃபிட்ஸ்ஜெரால்ட் தாளத்தை ஒரு மாத்திரைகூட நழுவவிடவில்லை. அடுத்த அடி என்னவென்று தெரியவில்லையே என்பதையே அந்த மெட்டில், அந்தத் தாளத்தில் பாடுகிறார். டேரின் பாடினார், ஆம்ஸ்ட்ராங் பாடினார், இப்போது நாங்கள் வந்து இந்தப் பாட்டைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று எதுகை பிசகாமல் புதிதாகக் கட்டிப் பாடுகிறார். இடையே ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலை அப்படியே எடுத்துப் பாடிக் காட்டுகிறார். சுருதி மேலே மேலே ஏறுகிறது. பின்னால் நால்வரும் அவர் எங்கே போகிறாரோ அங்கே போகிறார்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்தக் கரவொலியும் பதிவில் இருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் நீங்களே கேட்கப்போகிறீர்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. சொல் மறந்துபோன ஒரு பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்டுடியோவில் பிழையின்றி மறுபடி பாடி வெளியிட்டிருக்கலாம். கிரான்ஸ் அப்படிச் செய்யவில்லை. அன்றைய நாடாவையே தட்டாக வெளியிட்டார். அந்தப் பாட்டுக்கும் அந்தத் தொகுப்புக்கும் என இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. 1959இல் முதன்முதலாக கிராமி விருதுகள் வழங்கப்பட்டபோதே விருது பெற்ற பெண்மணி அவர். ஆயினும் இந்த இரண்டையும் நான் தனியே போற்றுகிறேன். ஒரு மேதையின் மனம் நெருக்கடியில் எப்படி வேலை செய்தது என்பதற்கு அந்த நாடாவே சான்று. அன்றிரவு நாடா ஓடாதிருந்தால், அரங்கில் இருந்தவர்களின் நினைவோடு அது மறைந்திருக்கும்.

இன்னொரு நாடாவின் கதையையும் கேளுங்கள். 1962 மார்ச் 25 அன்று அதே பெர்லினின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் அவர் மீண்டும் பாடினார். அந்த நிகழ்ச்சியும் பதிவானது. ஆனால் வெளியிடப்படாமல் கிரான்ஸின் தனிப்பட்ட சேமிப்பில் கிடந்தது. கிரான்ஸ் 2001இல் காலமானார். பாடகி அவருக்கும் முன்பே, 1996 ஜூன் 15 அன்று மறைந்துவிட்டார். பிற்பாடு கண்டெடுக்கப்பட்ட அந்த நாடா 2020இல்தான் தட்டாக வெளிவந்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு பெட்டிக்குள் கிடந்த குரல், நேற்றுப் பாடியதுபோல் ஒலிக்கிறது. நல்ல முறையில் வைக்கப்பட்டிருந்ததால் பிழைத்தது.

பிழைக்காதவையும் உண்டு. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்தபோது, இசைப்பதிவுகளின் மூல நாடாக்கள் வைத்திருந்த கிடங்கும் எரிந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டின் டெக்கா காலப் பதிவுகளின் மூலங்களும் அழிந்தவற்றுள் அடங்கும் என்று 2019இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் விரிவாக எழுதியது. இழப்பின் அளவு குறித்து யுனிவர்சல் நிறுவனம் வேறு கணக்கைச் சொன்னது. எந்தக் கணக்கானாலும், எரிந்துபோன மூலத்தை எவராலும் திரும்பப் பதிவு செய்ய முடியாது. தீ பற்றிப் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் இழப்பின் பரப்பைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது. நிழலின் அருமை வெயிலில் தெரிந்தது.

அவருடைய பிற உடைமைகள் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. அவர் மேடையில் பயன்படுத்திய இசைக்கோவைகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குச் சென்றன. வாழ்க்கை ஆவணங்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் ஆசையாய்ச் சேர்த்த சமையல் புத்தகங்களைக்கூட ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகம் ஏற்று வைத்திருக்கிறது. ஒரு பாடகியின் சமையல் புத்தகம் வரைக்கும் நூலகம் ஏற்றுப் பாதுகாக்கிறது என்றால், அந்தச் சமூகம் நினைவைப் பொதுச் சொத்தாக மதிக்கிறது என்றுதான் பொருள். ஆம்ஸ்ட்ராங்குடன் 1956இலும் 1957இலும் அவர் தந்த தட்டுகளைப் பற்றி நேரம் கருதி விரிக்க இயலவில்லை. கரட்டுக் குரலும் மெல்லிய குரலும் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதை மாணவர்கள் தேடிக் கேட்க வேண்டும்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, நூலக அலுவலர் அம்மையார் அவர்களே, என் கோரிக்கைக்கு வருகிறேன். இந்த மாவட்ட மைய நூலகத்தில் ஓர் ஒலிக்கூடம் வேண்டும். நான்கு பேர் அமர்ந்து கேட்கும் அளவுக்கு ஓர் அறை, ஒரு நல்ல தட்டுச் சுழற்றி, ஒரு கேசட் கருவி, நாடாக்களைக் கணினிக் கோப்பாக மாற்றும் கருவி, ஈரமும் தூசியும் அண்டாத ஓர் அலமாரி, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர். இவ்வளவே நான் கேட்பது. இந்த ஊரின் வீடுகளில் பரண் மேல் கிடக்கும் கேசட்டுகளில் கோயில் திருவிழாக் கச்சேரிகள் உள்ளன, நாகசுர இரவுகள் உள்ளன, தெருக்கூத்து உள்ளது, பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் உள்ளன. நாடா ஒட்டிக்கொள்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, வீடு மாறும்போது குப்பைக்குப் போகிறது. என் வீட்டிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. அதை முதல் நன்கொடையாக இன்றே எழுதித் தருகிறேன்.

பெர்லின் மேடையின் நால்வர் பெயரைச் சொன்னேனே, அதற்கும் காரணம் இதுதான். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் டிரம்ஸ் வாசித்தவர் யாரென்று நம்மால் சொல்ல முடிகிறது. யாரோ அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கேசட்டுகளில் பெரும்பாலானவற்றில் பாடியவர் பெயர் மட்டும் இருக்கும், அதுவும் பாதி அழிந்திருக்கும். தவில் வாசித்தவர் யார்? ஒத்து ஊதியவர் யார்? எந்த ஊர்த் திருவிழா, எந்த ஆண்டு? அந்த மேடைகளைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். இசைப்பள்ளி ஐயா அவர்கள் அருகில் அமர்ந்து இந்தப் பட்டியலைச் சரிபார்த்துத் தர இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கிறது.

ஒலிக்கூடம் அமைக்கக் கோரும் தீர்மானத்தின் நகல் நுழைவாயில் மேசையில் இருக்கிறது. அருள்கூர்ந்து கையெழுத்திட்டுச் செல்லுங்கள். பழைய நாடாக்கள் வைத்திருப்போர் தங்கள் முகவரியைச் செயலாளரிடம் கொடுத்தால், வாசகர் வட்ட இளைஞர்கள் வீட்டுக்கே வந்து பெற்றுக்கொள்வார்கள்; கோப்பாக மாற்றிய பிறகு மூல நாடாவைத் திருப்பித் தருவார்கள். இப்போது, புரவலர் அவர்களின் ஒலிபெருக்கியில், 1960 பெர்லின் பதிவைக் கேட்போம். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.