அழைப்பு வந்தால் வேலையை விட வேண்டுமா?

நடுவர் அவர்களே, சேலத்துச் சபைகளில் இருந்தும் ஏற்காட்டில் இருந்து பஸ் பிடித்தும் அறுப்பின் பண்டிகைக்கு வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தேவன் அழைத்தால் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வர வேண்டுமா, செய்கிற வேலையிலேயே அந்த அழைப்புக்குக் கீழ்ப்படியலாமா என்பது தலைப்பு. நான் வேலையிலேயே என்கிற அணி.

எதிரணி அண்ணன் பேதுருவைக் கொண்டுவந்தார், வலையை விட்டார், எல்லாவற்றையும் விட்டார் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். விட்டார்தான், யார் இல்லை என்றது? ஆனால் மாற்கு 5-ஆம் அதிகாரத்தையும் கொஞ்சம் புரட்டுங்கள் அண்ணா. கல்லறைகளில் கத்திக்கொண்டு திரிந்த ஒருவனை இயேசு சுகமாக்குகிறார், அவன் நானும் உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சுகிறான், நாமாக இருந்தால் அடுத்த கன்வென்ஷனிலேயே கையில் மைக்கைக் கொடுத்திருப்போம், அவரோ உன் வீட்டுக்குப் போ, கர்த்தர் உனக்குச் செய்ததை உன் ஆட்களுக்குச் சொல் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அவனுக்கு அழைப்பு இல்லை என்று சொல்வீர்களா? வீட்டுக்குப் போ என்றதுதான் அவனுக்கு வந்த அழைப்பு.

அப்புறம் ஐடா ஸ்கடர். அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மிஷனரி குடும்பத்தில் பிறந்தும் மிஷனரியாக மாட்டேன் என்றிருந்த பெண் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள், இவருக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான அப்பா வருவதற்கோ ஆண் என்பதால் அவர்கள் சம்மதிக்கவில்லை, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைத் தேவனின் அழைப்பாக எடுத்துக்கொண்டவர் நேராக வேதாகமக் கல்லூரிக்கா போனார்? அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் முடித்தார். 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பிரசவம் பார்த்ததுதான் ஐயா அவருடைய ஊழியம்!

ஏற்காட்டையே எடுங்கள். 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கியவர்கள் பூசை வைக்கிற குருக்கள் இல்லை, பாடம் நடத்துகிற சகோதரர்கள். துறவிகள்தான், அதை மறுக்கவில்லை, ஆனால் கையில் எடுத்தது சாக்பீஸ்.

ஆயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நம் ஆயர் ஐயா முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் அதே அச்சு என்பதைத்தான் மறுக்கிறேன். உணர்ச்சிவசப்பட்டு மேடையில் கை தூக்கிவிட்டு, திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்து, வீட்டுக் கடனை மனைவி தலையில் வைக்கிற தம்பிகளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டாமா?

யாத்திராகமம் 31-ல் பெசலெயேலைக் கர்த்தர் பேர்சொல்லி அழைக்கிறார், தேவ ஆவியினால் நிரப்புகிறார். எதற்கு? பிரசங்கத்துக்கா? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய! செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும். அங்கே டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைக்காமல் சொன்ன எடைக்குச் சரியாகக் கொடுப்பது சின்ன ஊழியமா? டச்சைக் குறைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மணிக்கணக்கில் சாட்சி சொன்னால் யார் கேட்பார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே கேள்வி. வரி வசூலித்த ஆயக்காரர்கள் யோவான்ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார், லூக்கா 3-ல் இருக்கிறது. வேலையை விடுங்கள் என்று அவர் ஏன் சொல்லவில்லை? எதிரணியில் அடுத்து வருகிற தங்கச்சி முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.