பழைய ஜிப்சிக்கு எந்தச் சைலன்சர்? கோத்தகிரி ஏற்றத்தில் கேட்டுப் பார்த்து எடுத்த முடிவு

வணக்கம் நண்பர்களே. வீடியோவின் தொடக்கத்தில் நீங்கள் கேட்ட அந்தக் கரகரப்பு, என்னுடைய 2003 மாடல் மாருதி ஜிப்சி கிங் ஜீப்பின் பழைய சைலன்சருக்குள் தடுப்புத் தகடு ஒன்று கழன்று ஆடியதால் எழுந்த ஓசை. போன மாதம் கோத்தகிரி மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தியபோது ஒரு பெரியவர் அருகில் வந்து, "தம்பி, கேரட் தோட்டத்துக்குத் தண்ணி எறைக்கிற மோட்டாரா இது?" என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று மாலையே சைலன்சரை மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். மாற்றுவது என்று ஆனபின், ஓசையை அடக்குவதோடு நிற்காமல், காதுக்கு நிறைவான ஒரு குரலையும் இந்த வண்டிக்குக் கொடுத்துவிடலாம் என்ற ஆசையும் கூடவே வந்தது.

கழற்றிய பழைய சைலன்சரை இதோ மேசைமேல் வைத்திருக்கிறேன். வெளிப்பக்கத்தில் பெயின்ட் உரிந்ததைத் தவிரப் பெரிய சேதமில்லை. துரு முழுவதும் உள்ளிருந்தே வந்திருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் அது. சமவெளியில் நீண்ட தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி, அந்த ஆவி முழுவதும் வெளியே போய்விடும். மார்கழிக் குளிரில் இரண்டு கிலோமீட்டர் போய்ப் பால் வாங்கிக்கொண்டு திரும்பும் என் வண்டியிலோ, அது குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகி அடியில் தேங்கிவிடுகிறது. அந்த நீர் வடிவதற்காகவே சைலன்சரின் அடிவயிற்றில் சிறு துளை ஒன்று விட்டிருப்பார்கள். என் சைலன்சரில் அந்தத் துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெல்டிங் பொட்டு இருக்கிறது, தெரிகிறதா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில், "லீக் இருந்துச்சு சார், அடைச்சுட்டேன்" என்று சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

புதியதைத் தேடிக் கோவைக்கு இறங்கி மூன்று கடைகளில் விசாரித்தேன். மூன்று இடங்களிலும், அங்கே நின்ற ஏதோ ஒரு வண்டியின் ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்துக் காட்டி, "எப்படி உறுமுது பாருங்க சார்" என்றார்கள். உறுமல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் வண்டியின் குரலை நான் கேட்கப்போவது கடை வாசலில் நின்றல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரையிலான ஏற்றத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்கப்போகிறேன். நின்ற வண்டியில் இனிமையாக ஒலிப்பது அந்த ஒரு மணி நேரத்தில் என்னவாகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நான் தனியாகப் பொருத்தியிருக்கும் ஆர்பிஎம் மீட்டரின்படி, அந்த ஏற்றத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,500க்கும் 3,000க்கும் இடைப்பட்ட சுற்றுகளிலேயே ஓடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிபொருள் வெடிப்பதால், சைலன்சருக்குள் நொடிக்கு 83 முதல் 100 துடிப்புகள் வந்து மோதுகின்றன. ஹார்ட்டாப், அதாவது தகட்டுக் கூரை போட்ட ஜிப்சியின் கூரையும் பக்கத் தகடுகளும் இந்த அதிர்வெண்ணுக்குத் தவில் தோல்போல உடன் அதிரக்கூடியவை. வெளியே நிற்பவருக்குக் கம்பீரமாகக் கேட்கும் அதே ஓசை, உள்ளே இருப்பவருக்குக் காதை அடைக்கும் ரீங்காரமாகிவிடுகிறது. நண்பர் ஒருவர் தன் ஜிப்சியில் நேர்க்குழாய் மஃப்ளர் (சைலன்சருக்கு இன்னொரு பெயர்) போட்டிருக்கிறார்; அதில் ஏறிய நான், வழியில் வரும் குஞ்சப்பனையைத் தாண்டுவதற்குள் தலைவலி மாத்திரையைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேர்க்குழாய் மஃப்ளரின் உள்ளே துளைகளிட்ட ஒரு குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சும்தான் இருக்கும். பஞ்சு கீச்சென்ற உயர்ந்த ஓசைகளை உறிஞ்சிக்கொள்ளுமே தவிர, தாழ்ந்த ஓசையை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அறைகளாகத் தடுக்கப்பட்ட மஃப்ளரில் ஓசை அலைகள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி ஒன்றையொன்று தணித்துக்கொள்வதால், தாழ்ந்த ஓசை அடங்குகிறது. ஆகவே நடுவில் நேர்க்குழாய் வகை ரெசனேட்டர் (துணைச் சைலன்சர்) ஒன்றும், பின்னால் அறை வகை மஃப்ளர் ஒன்றும் போடுவதென்று தீர்மானித்தேன். ஒரு முனை அடைக்கப்பட்ட கிளைக்குழாயைப் பக்கவாட்டில் வெல்டு செய்து ரீங்காரத்தை மட்டும் குறிபார்த்துக் கொல்லும் வழியும் உண்டு. ஆனால் என் எஞ்சினின் அதிர்வெண்ணுக்கு அந்தக் குழாய் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்டுகளும் அடைத்துக்கொண்டிருக்கும் ஜிப்சியின் அடியில் அதற்கு இடம் எங்கே? பழைய ஸ்கார்ப்பியோ, சஃபாரி போன்ற டர்போ டீசல் வைத்திருப்பவர்கள் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. புகையின் வேகத்தால் சுழலும் டர்போவே துடிப்புகளின் கூர்மையை மழுக்கிவிடுவதால், சைலன்சரை மாற்றினாலும் குரல் பெரிதாக மாறாது.

குழாயின் விட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "பேக் பிரஷர் (புகை வெளியேறுவதற்கு எதிரான அழுத்தம்) இருந்தால்தான் வண்டி இழுக்கும்" என்று பலரும் சொல்வார்கள், அது சரியல்ல. எஞ்சினுக்கு வேண்டியது அடைப்பு அன்று, புகையின் வேகம். குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் புகை மெதுவாகிறது, சிலிண்டரிலிருந்து எரிந்த வாயுவை அடுத்த துடிப்புக்கு முன் இழுத்துச் செல்லும் விசை குறைகிறது, தாழ்ந்த சுற்றுகளில் இழுவை போய்விடுகிறது. இது 1,298 சிசி எஞ்சின்; அதன் 80 குதிரைத்திறனும் கடல்மட்டத்துக் கணக்கு. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை மலையே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தையும் குழாய்க்குத் தாரைவார்க்க எனக்கு மனமில்லை. பழைய விட்டத்தையே வைத்துக்கொண்டேன், வளைவுகள் நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கறாராகச் சொன்னேன்.

உலோகத்தில் கவனம் தேவை. 304 வகை ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்றால், சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். 304இல் காந்தம் ஒட்டாது; வளைத்த இடங்களில் லேசாகப் பிடிக்கலாம். 409 வகையில் நன்றாக ஒட்டும். அதுவும் சைலன்சருக்கென்றே பயன்படும் நல்ல உலோகம்தான், ஆனால் 304இன் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

ஒரு கடையில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எறிந்துவிட்டால் சத்தம் இன்னும் அருமையாக வரும் என்றார்கள். புகைச் சான்றிதழும், 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிப்பதும் அதோடு சிக்கலாகிவிடும். ஒலி, புகை விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதைவிட எனக்கு நெருக்கமான காரணம் ஒன்று உண்டு: பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலையோரம் நிற்கும்போது, வெடிச்சத்தம் போடும் வண்டியில் உட்கார்ந்திருக்க நான் விரும்பவில்லை.

வால்குழாயை வண்டியின் உடலைத் தாண்டிச் சற்று நீட்டி வைக்கச் சொன்னேன். ஜிப்சி போன்ற பெட்டி வடிவ வண்டிகளின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், குழாய் குட்டையாக இருந்தால் புகை பின்கதவு இடுக்கு வழியே உள்ளே வந்துவிடும்.

வேலை முடிந்து 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். மூன்றாவது கியரில் ரீங்காரம் இல்லை. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்தால் மட்டும் ஒரு தடித்த, கரகரப்பில்லாத குரல் எழுகிறது. ஒரு குறை இருக்கிறது: 1,800 சுற்றுகளில் அடியில் ஏதோ 'சிர்ர்' என்று அதிர்கிறது. வெப்பத் தடுப்புத் தகட்டின் கிளாம்ப் தளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை கீழே இறங்கும்போது அதை முடுக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிய நிலையில் உள்ளிருந்து பதிவு செய்த ஓசையை அடுத்த வீடியோவில் முழுமையாகப் போடுகிறேன். ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது.