ஐந்து ஸ்வரம், இரண்டு சோலோ

நேயர்களுக்கு மாலை வணக்கம்.

பெங்களூரில் கிட்டார் பிடித்தவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் வாசித்த சோலோக்களில், அதாவது பாட்டின் நடுவே கிட்டார் தனியாகப் பேசும் இடங்களில், எது பெரியது? அல்சூர் மொட்டை மாடியாக இருக்கட்டும், சர்ச் தெரு காபிக் கடையாக இருக்கட்டும், ஒருவர் ‘டைம்’ என்பார், இன்னொருவர் ‘ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்’ என்பார். ஆனால் அநேகமாக ‘கம்ஃபர்டப்ளி நம்’ பாட்டின் இரண்டாவது சோலோவுக்குத் தலையாட்டிவிட்டுத்தான் சபை கலையும்.

அந்தத் தீர்ப்பில் பாதியை மறுத்துப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். அதே பாட்டில் அதற்கு முன்பே ஒரு சோலோ வருகிறது. அரை நிமிடம்தான். அதைத் தாண்டிப் போய் இரண்டாவதற்காகக் காத்திருப்பவர்களே அதிகம். என் கட்சி அந்த முதல் சோலோ. ஏன் என்று சொல்ல நம் வீட்டுப் பாட்டு வகுப்பில் கற்றுக்கொடுக்கும் ஒரு விஷயமே போதும்.

முதலில் பாட்டின் அமைப்பு. 1979-இல் வெளிவந்த ‘தி வால்’ இசைத்தொகுப்பில் இது இருக்கிறது. சரணங்களை அதே குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் பாடுகிறார், பல்லவி போலத் திரும்ப வரும் பகுதியைக் கில்மோர் பாடுகிறார். சரணம் பி மைனரில், அதாவது பி-யை ஆதாரமாக வைத்த இருண்ட சாயலில் நிற்கும். கில்மோரின் பகுதி டி-யை ஆதாரமாக வைத்த வெளிச்சமான டி மேஜருக்குப் போய்விடும். முதல் சோலோ டி மேஜர் பகுதியின் மேல் வருகிறது. இரண்டாவது, பாட்டு நாலரை நிமிடத்தைத் தொடும்போது பி மைனர் பகுதியின் மேல் தொடங்கி, ஒலி தேய்ந்து மறையும் வரை போகிறது.

இப்போது டி-யை சட்ஜமாக வைத்து மோகனம் பாடிப் பாருங்கள். ச ரி க ப த. கிட்டார்காரர் பாஷையில் டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி. அந்த மோகனத்தின் தைவதம் எது? பி. அந்தத் தைவதத்தையே சட்ஜமாக எடுத்துக்கொண்டு அதே ஐந்து ஸ்வரங்களைப் பாடினால் என்ன ராகம் வரும்? சுத்த தன்யாசி. இப்படிச் சட்ஜத்தை நகர்த்தி ராகம் மாற்றும் கிரக பேதம் படித்தவர்களுக்கு இது அத்துபடி. கில்மோரின் இரண்டு சோலோக்களுக்கும் அடித்தளம் இந்த ஐந்து ஸ்வரங்கள்தான். முதலாவதில் அவை மோகனமாகக் கேட்கின்றன, இரண்டாவதில் சுத்த தன்யாசியாகக் கேட்கின்றன. அடியில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், மாறி ஆதார சட்ஜம் நகர்ந்துவிட்டதால் அப்படி.

ராகத்துக்குரிய கமகமும் பிடிகளும் அதில் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஸ்வர ஒற்றுமையைத்தான் சொல்கிறேன். முதல் சோலோவில் கார்டு சி பக்கம் திரும்பும் இடத்தில் மோகனம் சுத்தமாக நிற்காது. இரண்டாவதிலும் ஐந்துக்கு வெளியே அவர் அவ்வப்போது கால் வைப்பார். ஆனாலும் ஒரே பாட்டுக்குள் வெளிச்சமும் இருட்டும் ஒரே ஸ்வரங்களிலிருந்து வருகின்றன என்பதைக் காது பிடித்துக்கொண்ட பிறகு, எது பெரியது என்று தனித்தனியாக எடை போட மனம் வராது. முதல் சோலோ மோகனத்தைக் காதில் ஊன்றிவிட்டுப் போவதால்தான் இரண்டாவது அவ்வளவு கனமாக இறங்குகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் முதலாவதை வைத்துக்கொள்வேன். அதில் எடுத்துப்போடக்கூடிய ஸ்வரம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவதை எதிர்ப்பவர்கள் வேறொரு காரணம் சொல்வார்கள். “அது ஒரே மூச்சில் வாசித்தது இல்லை, ஒட்டுப்போட்டது.” தகவல் சரிதான். ஐந்தாறு முறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்ததாகவும், பிறகு ஒவ்வொன்றையும் கேட்டு, காகிதத்தில் பார் பாராக (தாளச் சுற்று சுற்றாக) கட்டம் போட்டு, நன்றாக இருப்பதற்கு டிக்கும் மற்றதற்குக் கிராஸும் போட்டு, மிக்ஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களில் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கி ஒரே ஓட்டமாகச் சேர்த்ததாகவும் கில்மோரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதைக் குறையாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் வாசித்தது மனோதர்மம். தேர்ந்தெடுத்துக் கோத்தது சாகித்தியக்காரரின் வேலை. முடிந்த வடிவத்தை அதன் பிறகு மேடையில் அவர் முழுதாக வாசித்துக் காட்டினார். வெட்டி ஒட்டும்போது வரும் பெரிய ஆபத்து, கை ஒரு தந்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாத இடத்தில் தாவுவது போலக் கேட்பது. அப்படி ஒரு வெட்டு காதில் இடறாமல் இரண்டு நிமிடம் போகிறது என்றால் அதைத் தொகுத்த காதைப் பாராட்டத்தான் வேண்டும்.

விவாதத்தில் நாம் செய்யும் பெரிய தவறு இன்னொன்று. எந்தப் பதிவு என்று சொல்லாமலே சண்டை போடுகிறோம். 1979 ஸ்டுடியோப் பதிவும், 1994 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் பதிவான ‘பல்ஸ்’ வடிவமும் ஒன்று இல்லை. பல்ஸில் இரண்டாவது சோலோ ஸ்டுடியோவில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். 2006-இல் போலந்தின் கிதான்ஸ்க், 2016-இல் பாம்பெய் என்று ஒவ்வொரு மேடையிலும் வேறு நீளம், வேறு உச்சம். ஸ்டுடியோப் பதிவு தேய்ந்து மறைகிறது, அதனால் அதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது. மேடையில் முடித்துத்தான் ஆக வேண்டும். அந்த முடிவுக்காக உச்சத்தை எங்கே வைப்பது என்று அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்கிறார். 1980, 81-இல் ‘தி வால்’ மேடைக் காட்சிகளில் அந்தப் பெரிய சுவரின் உச்சியில் நின்று வாசித்தார். 2002-இல் ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூருக்கு வந்து பாடியபோது கில்மோர் இல்லை, அவருடைய இடத்தை வாட்டர்ஸின் குழுவில் இருந்த கிட்டார் கலைஞர்கள் நிரப்பினார்கள். வேறு கைகள் வாசித்தும் சோலோ அடையாளம் மாறாமல் நிற்கிறது என்றால் அது கீர்த்தனை போல ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே பாட்டு, ஆண்டு, ஊர், எத்தனாவது நிமிடம் என்ற நான்கையும் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள்.

மற்ற போட்டியாளர்களையும் பார்த்துவிடலாம்.

1973-இல் வந்த ‘டைம்’ எஃப் ஷார்ப் மைனரில் இருக்கிறது. நம் சுருதிக் கணக்கில் நாலரைக் கட்டையில் சுத்த தன்யாசி. இந்த சோலோவில் கவனிக்க வேண்டியது நடுவில் விழும் மடிப்பு. முதல் பாதியில் சரணத்தின் கார்டுகள், கிட்டார் கோபமாகப் பேசுகிறது. பிறகு அடியில் டி மேஜர் செவன்த், ஏ மேஜர் செவன்த் என்று கார்டுகள் மென்மையாகிவிடும், பின்னணியில் பெண் குரல்கள் வரும். கில்மோர் உடனே ஸ்வரங்களைக் குறைத்து, நீளமாகப் பிடித்து நிற்கிறார். வேகத்தை மட்டும் அளப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அதே தொகுப்பில் வரும் ‘மனி’ ஏழு எண்ணிக்கையில் நடக்கும் பாட்டு. மிஸ்ர சாபு போட்டுப் பழகியவர்களுக்குக் கை தானாகவே விழும். சாக்ஸஃபோன் அந்த ஏழிலேயே வாசிக்கிறது. கிட்டார் நுழையும்போது தாளம் நாலுக்கு மாறுகிறது. சோலோ மூன்று சுற்று. நடுச் சுற்றில் எதிரொலியை எல்லாம் எடுத்துவிட்டு, காதருகே உட்கார்ந்து வாசிப்பது போல வறட்டு ஒலி. மூன்றாம் சுற்று மறுபடி விரியும்போது மயிர் கூச்செறியும்.

‘ஷைன் ஆன்’, 1975. இதில் என்னை உலுக்குவது சோலோவைவிட அந்த நாலு ஸ்வரம்தான். பி ஃபிளாட், எஃப், ஜி, இ. பாட்டு ஜி மைனரில் இருப்பதால் ஐந்து கட்டையில் வைத்துப் பாடுங்கள். சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், சட்ஜம், சதுஸ்ருதி தைவதம். கடைசியில் வரும் அந்த தைவதம்தான் விஷயம். ஜி மைனர் என்றால் காது சுத்த தைவதத்தை, அதாவது நடபைரவியை எதிர்பார்க்கும். இங்கே கரகரப்ரியாவின் தைவதம் வந்து தொங்கிக்கொண்டு நிற்கிறது, தீர்வு கிடைப்பதில்லை. கிட்டாரில் அந்த ஜி-யும் இ-யும் விரல் வைக்காத திறந்த தந்திகளில் கிடைப்பதால், நான்கும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலந்து ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக விரலால் அடக்கி அடக்கி வாசித்தால் அந்த மயக்கம் போய்விடும்.

‘தி வால்’ தொகுப்பில் வரும் ‘அனதர் பிரிக்’ இரண்டாம் பகுதியின் சோலோவில் மற்றவற்றைவிட ஒலி தடிமனாக இருக்கும். காரணம் கிட்டாரே வேறு. வழக்கமான ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துவிட்டு, பி-90 பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) உள்ள 1955 கிப்சன் லெஸ் பாலில் வாசித்திருக்கிறார்.

இனி கைக்கு வருகிறேன். கில்மோரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு இழுப்பைச் சரியாகச் செய்து பார்த்தால் போதும். வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இரண்டு, மூன்று ஸ்வரம் காட்டுகிறோம் இல்லையா, அதே வித்தைதான். ஆனால் கிட்டாரில் இடம் குறைவு.

ஆரம்பத்திலேயே பலர் சறுக்குவது தந்தியில். வீட்டில் இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் முயற்சி செய்யாதீர்கள். அதில் பெரும்பாலும் 12-ஆம் எண் செட் போட்டிருக்கும் (எண் என்பது தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்; செட்டின் பெயர் அதன் மெல்லிய தந்தியைக் குறிக்கும்), மூன்றாவது தந்தி சுற்றுக்கம்பியாக இருக்கும். அரை ஸ்வரம் தாண்டுவதற்குள் விரல் கிழிந்துவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரில் 10-ஆம் எண் செட் போடுங்கள். கில்மோர் ஸ்ட்ராட்டில் போடும் செட் 10, 12, 16, 28, 38, 48. கடையில் கிடைக்கும் சாதாரண செட்டில் இரண்டாவதும் மூன்றாவதும் 13, 17. அந்த ஒரு புள்ளி வித்தியாசம் நீளமாக இழுக்கும்போது விரலுக்குத் தெரியும்.

ஒலியை அளவாக வையுங்கள். டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியின் கரகரப்பைக் கூட்டினால் ஸ்வரம் நீளும், உண்மைதான். ஆனால் இழுப்பின் நடுவே இருக்கும் சின்னச் சின்னப் படிகள் எல்லாம் கூழாகிவிடும். எதிரொலி கொடுக்கும் டிலே பெடலுக்கு ஒரு கணக்கு உண்டு. 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லிவிநாடி என்று வரும். நிமிடத்துக்கு 64 தட்டு என்றால் 937, அதில் பாதி சுமார் 470. அந்தப் பாதியை வையுங்கள். எதிரொலி மூன்று முறைக்கு மேல் வேண்டாம், அதன் சத்தம் அசலில் கால் பங்கு இருந்தால் போதும். கூடினால், இழுக்கும் முன் இருந்த ஸ்வரத்தின் எதிரொலி இழுத்த பின் வரும் ஸ்வரத்தோடு மோதி, நீங்கள் சரியாக வாசித்தாலும் அபஸ்வரமாகக் கேட்கும்.

மூன்றாவது தந்தியில் பதினோராவது ஃப்ரெட்டை (மெட்டை) முதலில் மீட்டுங்கள். அது எஃப் ஷார்ப், போய்ச் சேர வேண்டிய இடம். காதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு மோதிர விரலை ஒன்பதாவது ஃப்ரெட்டில், இ-யில் வையுங்கள். நடுவிரல் எட்டில், ஆள்காட்டி விரல் ஏழில், மூன்றும் அதே தந்தியில். கட்டை விரல் கழுத்தின் மேல் விளிம்பைப் பிடித்திருக்கட்டும். மீட்டிவிட்டு, சாவியைத் திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்பித் தந்தியை மேலே தள்ளுங்கள். விரல் பலத்தால் மட்டும் தள்ளினால் பாதியில் நின்றுவிடும். பத்துக்கு எட்டுப் பேர் எஃப் ஷார்ப்புக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடுகிறார்கள், அதை மறைக்க உடனே கையை ஆட்ட ஆரம்பிக்கிறார்கள். ஆட்டாதீர்கள். போய்ச் சேர்ந்து, ஒரு தட்டு அசையாமல் நின்று, அதன் பிறகு அசைவு. அசைவு என்பது கொஞ்சம் தளர்த்தி மறுபடி அதே இடத்துக்கு வருவது. ஸ்வரத்தின் தலைக்கு மேல் போகக் கூடாது. பக்கத்துத் தந்தி உறுமினால் ஆள்காட்டி விரல் நுனியால் நாலாவது தந்தியை லேசாகத் தொட்டு அடக்குங்கள்.

விட்ட பிறகு தந்தி பழைய சுருதிக்கே திரும்பவில்லை என்றால் கையைக் குறை சொல்ல வேண்டாம். தலைப் பக்கம் இருக்கும் நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது. தந்தியைத் தளர்த்தி, அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் வழுக்கும். தந்தி புதியதென்றால் அதையே பத்துப் பன்னிரண்டு முறை மெல்ல இழுத்துவிட்டு சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இழுப்பு சரியாக வந்ததும் ஃபோனில் தம்புரா ஆப்பைத் திறந்து இரண்டு கட்டையில் ஓட விடுங்கள். இப்போது அந்த இழுப்பு ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குப் போகிறது, மோகனத்தின் காந்தாரம், முதல் சோலோவின் வெளிச்சம் அது. பத்து நிமிடம் அதையே வாசியுங்கள். பிறகு தம்புராவை ஏழு கட்டைக்கு மாற்றுங்கள். கையை மாற்றாதீர்கள். அதே தந்தி, அதே ஒன்பதாவது ஃப்ரெட், அதே அளவு இழுப்பு. இப்போது அது மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.