"எக்ஸ்ப்ளெயின் மீ" ஏன் தப்பு, "ஷோ மீ" ஏன் சரி?

[திரையில்: "எக்ஸ்ப்ளெயின் மீ திஸ் சம்"]

எனக்கு இந்தக் கணக்கை விளக்கு. இதைத்தான் சொல்ல வருகிறார்கள். சொல் ஒவ்வொன்றும் சரி, சொல்ல வந்ததும் புரிகிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் இந்த வாக்கியம் செல்லாது. "எக்ஸ்ப்ளெயின்" இருந்த இடத்தில் "ஷோ" என்று போடுங்கள், செல்லும். "டெல் மீ த ஆன்சர்" செல்லும், "சே மீ த ஆன்சர்" செல்லாது. அப்போ சிக்கல் "மீ"யில் இல்லை. முன்னால் நிற்கிற வினைச்சொல்லில் இருக்கிறது.

முதலில் நம் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

[திரையில்: எனக்கு ஒரு பேனா கொடு / ஒரு பேனா எனக்குக் கொடு / கொடு எனக்கு ஒரு பேனா]

எப்படி மாற்றிப் போட்டாலும் பேனா என் கைக்குத்தான் வருகிறது. காரணம் "கு". நான்காம் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், சொல் எங்கே போனாலும் அதன் வேலையும் கூடவே போகிறது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி உருபு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் "அவனை" என்பதற்கு "ஹினே", "அவனுக்கு" என்பதற்கு "ஹிம்". பெயர்ச்சொற்களுக்கும் இப்படி விகுதிகள் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த காலத்தை ஒட்டி அவை தேய ஆரம்பித்திருந்தன, அடுத்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் காணாமலே போயின. "ஹினே" போய்விட்டது, இரண்டு வேலையையும் "ஹிம்" எடுத்துக்கொண்டது. உருபு போனதால் யாருக்கு, எதை என்று காட்ட ஆங்கிலத்துக்கு மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று, சொல் நிற்கும் இடம். இன்னொன்று, "டு", "ஃபார்" மாதிரி முன்னிடைச் சொல்.

[திரையில்: "கிவ் ரவி த பென்" / "கிவ் த பென் டு ரவி"]

ஆள் முதலில் வந்தால் "டு" வேண்டாம். பொருள் முதலில் வந்தால் "டு" வேண்டும். "கிவ் டு ரவி த பென்" என்பது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியது. பள்ளிக்கூடத்தில் டைரக்ட் ஆப்ஜெக்ட், இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் என்று படித்தீர்களே, அது இதுதான். பேர் மறந்தாலும் பரவாயில்லை, இடம் மறக்கக்கூடாது.

சரி, இப்போது பெயர்ச்சொல்லுக்குப் பதிலாகப் பிரதிப்பெயர் வரட்டும். பேனாவை "இட்" ஆக்குவோம்.

[திரையில்: "கிவ் ரவி இட்" ✗ / "கிவ் இட் டு ரவி" ✓]

"கிவ் ரவி த பென்" சரியாக இருந்தது. "கிவ் ரவி இட்" காதில் உறுத்துகிறது. ஏன்? "இட்" என்றாலே எது என்று இருவருக்கும் முன்பே தெரியும் என்று அர்த்தம். தெரிந்த சங்கதி, குட்டிச் சொல், அழுத்தமும் கிடையாது. ஆங்கில வாக்கியத்தில் அழுத்தம் வழக்கமாகக் கடைசியில் விழும். புதுச் செய்தி அங்கேதான் உட்காரும். அந்த இடத்தில் "இட்"டை வைத்தால் வாக்கியம் சப்பென்று முடிகிறது. அதனால் பிரதிப்பெயர் வினைச்சொல்லை ஒட்டியே நிற்கப் பார்க்கும். ஆங்கிலேயர் வேகமாகப் பேசும்போது கேளுங்கள், "கிவ் மீ" என்பது "கிம்மி" ஆகிவிடும், "லெட் மீ" என்பது "லெம்மி" ஆகிவிடும். அவ்வளவு ஒட்டுதல்.

இரண்டுமே பிரதிப்பெயராக இருந்தால்? "கிவ் இட் டு மீ" என்று சொல்லுங்கள், எங்கேயும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். பிரிட்டனில் "கிவ் மீ இட்" என்பாரும் உண்டு, வட இங்கிலாந்தில் "கிவ் இட் மீ" என்றுகூடக் காதில் விழும். அவர்கள் சொல்லட்டும், தேர்வில் நீங்கள் எழுத வேண்டாம்.

நீளமான பெயர் இதற்கு நேர் எதிர், கடைசிக்குத்தான் போகும். "கிவ் த பென் டு த மேன் ஸ்டாண்டிங் நியர் த கேட்." வாசலருகே நிற்கிற அந்த ஆளை நடுவில் நுழைத்துவிட்டு அப்புறம் "த பென்" என்று முடித்தால், கேட்கிறவர் பேனாவுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும்.

அடுத்து "டு"வா "ஃபார்"ஆ. நமக்கு அதிகம் இடறும் இடம் இது. "எனக்குக் கொடு", "எனக்கு வாங்கு" இரண்டுக்கும் தமிழில் ஒரே "கு". நன்னூல் நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது கொடையை முதலில் வைக்கிறது. பொருட்டு என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. கொடைக்கு "டு", பொருட்டுக்கு "ஃபார்". "ஐ கேவ் இட் டு ஹெர்", ஆனால் "ஐ பாட் இட் ஃபார் ஹெர்". வாங்குபவர் இல்லாமல் கொடுக்க முடியாது; அதனால் கிவ், சென்ட், ஹேண்ட், லெண்ட் எல்லாம் "டு". யாரும் இல்லாமலே சட்டை வாங்கலாம், தோசை சுடலாம். அதனால் பை, குக், மேக், ஃபைண்ட் எல்லாம் "ஃபார்".

இன்னொரு நுணுக்கம். "ஐ சென்ட் எ பார்சல் டு சென்னை" சரி. "ஐ சென்ட் சென்னை எ பார்சல்" சரியில்லை. வினைக்கு அடுத்த இடம், பொருளை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடியவருக்கு உரியது. ஊர் பார்சலை வாங்காது, ஊரில் இருக்கிற ஆள்தான் வாங்குவார். ஆனால் சென்னை என்று நீங்கள் சொல்வது உங்கள் கம்பெனியின் சென்னை அலுவலகத்தை என்றால், அதே வாக்கியம் சரியாகிவிடும். எனக்கு ஆங்கில இலக்கணத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சில வாக்கியங்களைப் புரட்டவே முடியாது. "த நாய்ஸ் கேவ் மீ எ ஹெட்ஏக்." சத்தம் தலைவலியை என் கையில் கொண்டுவந்து கொடுக்கவில்லையே, அதனால் "டு மீ" என்று மாற்றினால் இடிக்கும். "இட் காஸ்ட் மீ 500 ருபீஸ்" என்பதும் அப்படித்தான். அங்கே "டு"வுக்கு வேலையே இல்லை.

இப்போது "எக்ஸ்ப்ளெயின்".

[திரையில்: கிவ், சென்ட், ஷோ, டெல், டீச், லெண்ட் | எக்ஸ்ப்ளெயின், டிஸ்கிரைப், சஜஸ்ட், அனவுன்ஸ்]

இடப்பக்கம் இருப்பவை ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள், எல்லாம் ஓரசை. வலப்பக்கம் இருப்பவை லத்தீன் வழி வந்தவை. அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். இரண்டு ஆப்ஜெக்டை அடுத்தடுத்து ஏற்பது பெரும்பாலும் இடப்பக்கக் கூட்டம். "ப்ராமிஸ்" லத்தீன்தான், ஆனால் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் இந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது: "ஹீ ப்ராமிஸ்ட் மீ எ ஜாப்." இது நூற்றுக்கு நூறு விதி இல்லை. "சே" ஓரசைதான், சொந்தச் சொல்தான், ஆனாலும் ஆளை நேராக ஏற்காது. "ஹீ செட் மீ" என்று வாய் வரை வந்துவிட்டால் "ஹீ டோல்ட் மீ" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆகவே "எக்ஸ்ப்ளெயின் திஸ் சம் டு மீ." "சஜஸ்ட் மீ எ குட் மூவி" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் வருகிறதே, அதில் "மீ"யை எடுத்துவிட்டாலே போதும். "கேன் யூ சஜஸ்ட் எ குட் மூவி?" கேட்பது நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

வினையோடு "அப்", "ஆஃப்" சேர்ந்து வரும்போதும் பிரதிப்பெயரின் ஒட்டுதல் தொடர்கிறது. "டர்ன் ஆஃப் த ஃபேன்", "டர்ன் த ஃபேன் ஆஃப்" இரண்டும் சரி. "இட்" வந்தால் நடுவில் மட்டும்தான்: "டர்ன் இட் ஆஃப்." அப்படியே "வேக் மீ அப்", "பிக் இட் அப்". "லுக் ஆஃப்டர் ஹிம்", "வெயிட் ஃபார் மீ" இந்தக் கூட்டத்தில் சேராது. அங்கே "ஆஃப்டர்", "ஃபார்" வெறும் முன்னிடைச் சொற்கள், இடம் பெயராது.

கடைசியாக ஒரு வினை. "தே கால் மீ குமார்." வினை, பிரதிப்பெயர், பெயர். பார்க்க "கிவ் மீ த பென்" மாதிரியே இருக்கிறது. ஆனால் இங்கே நானும் குமாரும் ஒரே ஆள், கைமாறுவது எதுவும் இல்லை. "தே மேட் ஹிம் கேப்டன்" என்பதும் இதே ரகம். "கால்" மட்டும் இரண்டு பக்கமும் கால் வைக்கும். எனக்கு ஒரு டாக்சி கூப்பிடு என்பதும் "கால் மீ எ டாக்சி", என்னை டாக்சி என்று கூப்பிடு என்பதும் அதேதான். இதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. ஹோட்டல் வாசலில் ஒருவர் அவசரமாக "கால் மீ எ டாக்சி" என்கிறார். வாசலில் நிற்கும் ஆள் பவ்யமாக, "ஓகே சார், யூ ஆர் எ டாக்சி."