பிடித்தது வகுப்பா, வசதியா?

பேராசிரியர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

'ஆன்லைன் வகுப்பு பிடித்ததா, நேர் வகுப்பு பிடித்ததா?' என்று கேட்டால் பாடத்தைப் பற்றிப் பதில் வருவதே இல்லை. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வருகிற பையன் ஆன்லைன்தான் சுகம் என்பான். வியாசர்பாடியில் ஒற்றை அறை வீட்டில், கொரோனா ஊரடங்கின்போது தம்பியோடு ஒரே போனைப் பங்கு போட்டுப் படித்த பெண், கல்லூரி திறந்தால் போதும் என்பாள். 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது ஒரு அறை.

சரி, பிடித்திருந்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தமா? 2019-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று உண்டு. இயற்பியல் மாணவர்களில் சிலருக்குச் சரளமான விரிவுரை; மற்றவர்கள் குழுவாக உட்கார்ந்து தாங்களே கணக்குப் போட வேண்டும். விரிவுரை கேட்டவர்கள்தான் 'நிறையக் கற்றோம்' என்றார்கள். தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியதோ, குழுவில் திணறியவர்கள். இத்தனைக்கும் இரண்டுமே நேர் வகுப்புகள்! கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் தரமதிப்பீட்டுக்கும் மாணவர் திருப்தி ஆய்வு உண்டு. அதில் வெறும் திருப்தியை எண்ணினால், நோட்ஸ் சொல்லி எழுத வைக்கிற எங்களைப் போன்றவர்கள் சுலபமாக முதலிடம் பிடித்துவிடுவோம்.

ஆன்லைனைத் திட்ட நான் இங்கே வரவில்லை. நம் சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்களை நாடு முழுக்கப் படிக்கிறார்கள். அங்கே வாராவாரம் பயிற்சி உண்டு, சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். திரைக்கென்றே திட்டமிட்ட பாடம் அது. விரும்பிச் சேர்கிறவர்கள் படிப்பது. 2020 மார்ச்சில் நாம் செய்தது வேறு. ஒரு மணி நேரப் பேச்சை அப்படியே கூகுள் மீட்டுக்கு மாற்றினோம். அறுபது பேரும் கேமராவை அணைத்துவிட்டார்கள். 'கேக்குதாப்பா?' என்று கேட்டுக் கேட்டே பாதி வகுப்பு போனது.

அப்போது காணாமல் போனது மணி அடித்த பிறகு வாசலில் கிடைக்கும் இரண்டு நிமிடம். எல்லார் முன்னாலும் வாய் திறக்காத பிள்ளை அங்கேதான், 'சார், அந்த மூணாவது ஸ்டெப் புரியல' என்று வரும். கூச்சப்படுகிற சிலர் சாட்டில் தட்டிக் கேட்டதும் உண்மை; அந்த வழியை ஏன் இப்போது மூடிவைத்தோம்?

அதனால், கருத்துப் படிவத்தில் 'திருப்தியா' என்ற கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: 'கடைசியாக உங்களுக்கு வந்த சந்தேகத்தை யார் தீர்த்தார்கள், எத்தனை நாளில்?'